அரசியல் பாட்டால் ஏதாவது நடந்திருக்கிறதா?

திண்ணைக்காரன்:

காலையில் போனைத் திறந்தால் மூன்றும் கலந்துதான் வருகிறது. ஒரு போர்ச் செய்தி, அதற்குக் கீழே ஏதோ ஒரு கட்சியின் தேர்தல் பாட்டு, அதற்கும் கீழே மொட்டை மாடியில் நின்று யாரோ பாடும் கானா. விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். எதற்குக் கோபப்பட்டோம், எதற்குத் தலையாட்டினோம் என்று மத்தியானம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அதனால் ஒரு கேள்வி. அரசியல் பாட்டு என்று பகிர்கிறோமே, அதனால் நிஜமாக ஏதாவது நடந்திருக்கிறதா? "புல்லரித்தது", "கண் கலங்கியது" எல்லாம் கணக்கில் வராது. ஓர் அரசாணை, ஓர் இழப்பீடு, ஒரு கடை மூடியது, அந்த மாதிரி சொல்லுங்கள்.

என் கையில் இருக்கும் நல்ல உதாரணம் கொடைக்கானல். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை அங்கே இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமாகி, 2001இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் உடம்பு கெட்டுப்போனதாகச் சொல்லி இழப்பீடு கேட்டு நடையாய் நடந்தார்கள். பேப்பரில் எப்போதாவது ஒரு பத்தி வரும். 2015 ஜூலைக் கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டைப் போட்டார். மெட்டு அமெரிக்க ஹிட் பாட்டுடையது, கதை நம் ஊருடையது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்லவேண்டி வந்தது. 2016 மார்ச்சில் பழைய தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இத்தனை வருடம் நகராத தேர் எட்டு மாதத்தில் நிலைக்கு வந்தது. வடம் பிடித்தது பாட்டா? இல்லை, ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்த தேருக்கு முன்னால் பாடிக்கொண்டு போனதுதானா?


404 தமிழன்:

அண்ணே, பதிலையும் நீங்களே சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். வழக்கு இல்லாமல், தொழிலாளர் சங்கம் இல்லாமல் அந்தப் பாட்டு மட்டும் வந்திருந்தால் இரண்டு நாள் டிரெண்டிங். மூன்றாம் நாள் பூனை வீடியோ.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் போர்ச்சுகலைக் காட்டுவார்கள். 1974 ஏப்ரல் 25, நள்ளிரவு தாண்டி 12.20 மணி. ஜோஸே அஃபோன்ஸோ பாடிய ஒரு பாட்டு ரேடியோவில் வந்தது. அதுதான் இளம் ராணுவ அதிகாரிகளுக்கு "கிளம்பு" என்ற சைகை. அன்று சாயங்காலத்துக்குள் அரை நூற்றாண்டுச் சர்வாதிகாரம் காலி, துப்பாக்கி முனையில் சிவப்பு கார்னேஷன் பூ. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆட்சியை இறக்கியது எது? ஆப்பிரிக்கக் காலனிப் போர்களில் செத்துச் சலித்துப்போன ராணுவமும் அவர்கள் தெருவில் இறக்கிய கவச வண்டிகளும். பாட்டு அன்றைக்கு அலாரம் வேலை பார்த்தது, அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் முதல் சைகை எது என்று பாருங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், 24ஆம் தேதி இரவு 10.55க்கு இன்னொரு பாட்டு போட்டார்கள். சாதாரணக் காதல் பாட்டு. அந்த வருட யூரோவிஷன் போட்டிக்குப் போய்க் கடைசி இடத்தைப் பங்கு போட்டுக்கொண்ட பாட்டு. அதைக் கேட்டும் ராணுவம் தயாரானது. பல்பொடி விளம்பரம் போட்டிருந்தாலும் தயாராகியிருக்கும்.


திண்ணைக்காரன்:

தம்பி, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். அந்த அஃபோன்ஸோ பாட்டைச் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. மார்ச் மாதம் லிஸ்பனில் ஒரு கச்சேரியில் அரங்கமே சேர்ந்து அதைப் பாடியிருக்கிறது. அவருடைய வேறு பல பாட்டுகளுக்குத் தடை இருந்தது, இதற்கு இல்லை. பிறகு, ஏப்ரல் 25 அன்று ராணுவம் ரேடியோவில் "யாரும் வெளியே வராதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஜனம் கேட்கவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது. பூவை நீட்டியது அவர்கள்தான். பல்பொடி விளம்பரத்துக்குப் பின்னால் யார் பூ எடுத்துக்கொண்டு வருவார்கள்?


கூம்பு ஸ்பீக்கர்:

போர்ச்சுகல் எனக்குத் தெரியாது. மைக்செட் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் ரொம்ப காலம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன்.

கூட்டம் ஆறு மணி என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். தலைவர் வந்து சேர பத்தாகும். நடுவில் ஜனத்தை உட்காரவைப்பது யார்? வட்டச் செயலாளர் பேச்சுக்கா உட்காருவார்கள்? நாகூர் ஹனீபாதான். நேரில் வருகிறார் என்றால் அதற்கே தனிக் கூட்டம், இல்லையென்றால் கேசட். உதயசூரியன் பாட்டு குழாயில் கிளம்பினால் வரப்பு மேல் சைக்கிள் விளக்குகள் வரிசையாக வருவது மேடைக்குப் பின்னாலிருந்தே தெரியும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் குரல் அது. மைக்கில் வந்தால் யூனிட் கிழிந்துவிடும் என்று டிரெபிளைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் கேசட்டைத் தட்டுவோம்.

வேடிக்கை என்னவென்றால் அதே கேசட் பெட்டிதான் மறுவாரம் தர்கா கந்தூரிக்கும் போகும். "இறைவனிடம் கையேந்துங்கள்" பாட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவில் பூசாரியே கேட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் செட் நம்முடையதுதான், அன்றைக்குப் பெட்டி வேறு. என் அப்பா காலத்தில் காங்கிரஸ் கூட்டம் என்றால் கே.பி. சுந்தராம்பாள் இசைத்தட்டு. அந்த அம்மாள் மேடை மேடையாகக் கட்சிக்காகப் பாடியவர், 1958இல் மேலவை உறுப்பினரே ஆனார்.

ஓட்டு மாறியதா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்தவன் எல்லாம் ஏற்கெனவே அந்தக் கட்சிக்காரன்தான். நான் கண்டது ஒன்றுதான். பாட்டு ஓடினால் கூட்டம் கலையாது. மழைத் தூறலிலும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாட்டை நிறுத்திவிட்டு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போன பத்து நிமிஷத்தில் பாதி மைதானம் காலியாகி, மாவட்டச் செயலாளர் என் சட்டையைப் பிடித்ததும் உண்டு.


404 தமிழன்:

ஐயா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். பாட்டு புதிதாக ஒருத்தனையும் கொண்டுவராது. இருக்கிறவனைப் பிடித்து வைக்கும்.


பனங்காய்:

பிடித்து வைப்பதைச் சின்ன விஷயமாகக் கதைக்காதீர்கள் தம்பி.

யாழ்ப்பாணத்தில் 90களில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் ரேடியோ கேட்போம். ஒரு ஆள் சுற்ற வேணும், மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டுப் போகும், உடனே முதுகில் ஒரு தட்டு விழும். பிபிசி தமிழோசைக்குச் சுற்றுவது எங்களைப் போன்ற பெடியன்களின் வேலை. செய்தி முடிந்த பிறகு அதே சைக்கிளில் இரண்டு பாட்டுக்குச் சுற்ற விடுவார்கள், அது கூலி.

அடுத்த ஊரில் நேற்று என்ன நடந்தது என்று லண்டனில் இருந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். உலகச் செய்தி என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு உள்ளூர்ச் செய்தி. 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு தமிழோசை வானொலி நின்றது. 1941இல் தொடங்கியது. அன்றைக்கு என் வீட்டில் எல்லா வசதியும் இருந்தது, ரேடியோதான் இருக்கவில்லை. போனில் கேட்டேன்.

திண்ணை அண்ணை கேட்ட மாதிரி அரசாணைக் கணக்கில் ஒரு பாட்டு வேணுமென்றால் சொல்லுகிறேன். இலங்கைத் தேசிய கீதம். 2016 பெப்ரவரி 4, சுதந்திர தின விழாவில் அதைத் தமிழிலும் பாடினார்கள். 1949க்குப் பிறகு அரச விழாவில் அதுதான் முதல் தடவை. 2019 கடைசியில் ஆட்சி மாறியதும், 2020 விழாவில் தமிழ் வடிவத்தை விட்டுவிட்டார்கள். 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொல்லிக் கூடின சனம் அதைத் தமிழிலும் பாடியது, சிங்களப் பெடியன்களும் பக்கத்தில் நின்றார்கள். ஒரே மெட்டு, ஒரே பொருள். அதைப் பாடலாமா கூடாதா என்பதிலேயே ஒரு நாட்டின் அரசியல் முழுக்க இருக்கிறது.


மார்கழி ரசிகை:

எல்லாரும் "பாட்டு அரசியலை மாற்றியதா" என்றே கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அதிகம் நடந்தது மறுபக்கம்தான். அரசியல் பாட்டை மாற்றியிருக்கிறது. அதுவும் அரசாணை போட்டே.

ரேடியோ என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்கு 1940இல் தடை வந்தது, 1971 வரை நீடித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி, கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, அதில் வராது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதே ரேடியோ காலையில் திறக்கும்போது வரும் அந்தத் தம்பூரா, வயலின் மெட்டை அமைத்தவர் யார் தெரியுமா? நாஜிகள் தலையெடுத்த காலத்தில் ஐரோப்பாவை விட்டு பம்பாய்க்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் என்ற யூதர். பெட்டிக்குத் தடை, ஆளுக்கு இடம். அப்புறம் 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்து சினிமாப் பாட்டைத் துரத்தினார். நம் வீடுகளில் எல்லாம் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கி வழிக்கு வந்தார்கள்.

இன்னும் பெரியது தமிழிசை இயக்கம். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கடைசியில், துக்கடா என்று. தெலுங்கும் சமஸ்கிருதமும் முடிந்து, சபா காண்டீனுக்குப் பாதிப் பேர் எழுந்துபோன பிறகு. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, 1943இல் தமிழ் இசைச் சங்கம் ஆனது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பணம் போட்டார், கல்கி எழுதினார், எதிர்த்தவர்களும் பெரிய பெரிய வித்துவான்கள்தான். சண்டை அசல் அரசியல் சண்டை. விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது, பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றமாக நிற்கிறது. இன்றைக்கு ஒருவர் தமிழ்ப் பாட்டையே பிரதானமாக எடுத்து ராகம் பாடி நிரவல் செய்தால் யாரும் புருவம் தூக்குவதில்லை.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். பெரியாரைப் புகழ்ந்து பாடியவர் தலைமை தாங்கும் மாநாட்டில் பாடமாட்டோம் என்று ரஞ்சனி காயத்ரி சகோதரிகள் விலகினார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் அவருக்குக் கொடுத்த விருது விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எனக்கு இரண்டு பக்கத்துப் பாட்டும் பிடிக்கும். அந்த டிசம்பரில் என் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதற்கு இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.


தோல்கருவி:

மார்கழி ரசிகை அம்மா, மேடை பற்றிப் பேசுகிறீர்கள். மேடைக்குக் கீழே நிற்பவர்கள் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் குழு பறை அடிக்கும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் கூப்பிடும். வேட்பாளர் வண்டிக்கு முன்னால் நாங்கள். வெயிலில் மூன்று தெரு அடித்துக்கொண்டு போவோம், முச்சந்தியில் வேட்பாளர் மைக்கைத் தொட்டதும் "ஏய், நிறுத்துப்பா" என்பார்கள். எங்கள் வேலை அவர்கள் வாய் திறக்கும்வரைதான். அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு சமூகநீதி பற்றி அவர் பேசுவதைக் கேட்போம். சட்டமன்றத் தொகுதி வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம், மேளதாளமும் மைக்செட்டும் அந்தக் கணக்கில் வரவேண்டும். நாங்கள் பத்துப் பேர் போனால் கணக்கில் எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள்.

மழைக்காலம் வந்தால் இன்னும் கஷ்டம். தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். வைக்கோலும் பேப்பரும் கொளுத்தித் தீயில் காய்ச்சினால்தான் "கணீர்" வரும். அதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதனால் பாதிக் குழுக்கள் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். சத்தம் வரும், தோலின் அடிவயிற்றுச் சத்தம் வராது.

ஆனால் மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். என் தாத்தாவுக்குப் பறை என்றால் சாவுக்குக் கூப்பிடுவார்கள், போகாவிட்டால் உதை. "இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்" என்று ஊர் ஊராகப் பறையைக் கீழே வைத்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். அடிக்காமல் இருந்ததும் அரசியல். அதற்கடுத்த தலைமுறை மேடையில் ஏற்றியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடினார்களே, கல்லூரிப் பிள்ளைகள் அடித்த பறையைப் பார்த்திருப்பீர்கள். 2018இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, 2020 டிசம்பரில் மார்கழியில் மக்களிசை விழா. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. இதில் எதைப் பாட்டு செய்தது, எதை அம்பேத்கர் மன்றங்கள் செய்தன, எதைப் படிப்பு செய்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஒன்று தெரியும், என் மகள் பறை வகுப்புக்குப் போகிறேன் என்று பள்ளியில் சத்தமாகச் சொல்கிறாள்.


முகத்துவாரம்:

தோழர், கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

எங்கள் ஊர் எண்ணூர்ப் பக்கம். அரசியல் பாட்டால் என்ன நடந்தது என்பதற்கு எங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2017 பொங்கலுக்கு டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய பொறம்போக்குப் பாட்டு வந்தது. எழுதியது கபேர் வாசுகி. ஆனந்தபைரவி ராகத்தில் தொடங்கும், முழுக்கப் பேச்சுத் தமிழ். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிய இடமெல்லாம் அதில் வரும். ஊரே பார்த்தோம். அந்தச் சாம்பலில் வலை போடுகிறவர்களுக்கு அது கச்சேரிப் பாட்டு மாதிரியே இல்லை, யாரோ நம் வீட்டைப் படம் பிடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

சரியாக இரண்டு வாரம். ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கடலெல்லாம் எண்ணெய். உலகச் செய்தியில் வந்தோம். எதற்காக? எண்ணெயை வாளியில் அள்ளியதற்காக. பிள்ளைகள் கையுறைகூடச் சரியாக இல்லாமல், தார் மாதிரிக் குழைந்த சேற்றை ஆள் மாற்றி ஆள் வாளி கைமாற்றிக் கரையில் கொட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலைக் குழாயில் அம்மோனியா கசிவு, மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பாட்டு வந்தும் எல்லாம் நடந்தது. அப்படியென்றால் பாட்டு தோற்றதா? 404 தம்பி ஆமாம் என்பார். எனக்கு அப்படி இல்லை. முன்னால் நிருபர்கள் வந்தால் "எண்ணூர் எங்கே இருக்கிறது, திருவொற்றியூர் தாண்டியா?" என்பார்கள். இப்போது வருகிறவர்கள் கழிமுகம், சாம்பல் குளம், கொசஸ்தலை ஆறு என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் எங்கள் பக்கம் மனு போடுகிறவர்களுக்கு ஆதாரத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கவேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. இதற்குப் பாட்டு மட்டும் காரணம் இல்லை. எங்கள் மீனவர்களும் கூட இருந்தவர்களும் வருடக்கணக்கில் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பாட்டு அவர்களுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டி வைத்தது.


404 தமிழன்:

அக்கா, தோற்றது என்று சொல்லமாட்டேன். என் சந்தேகம் வேறு. பாட்டுக்குச் சக்தி உண்டு என்று ஒப்புக்கொண்டால் கெட்டதுக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை யாரும் பேசுவதில்லை.

ருவாண்டாவில் சீமோன் பிகின்டி என்று ஒரு பாடகர். 1994 இனப்படுகொலையின்போது ஆர்டிஎல்எம் என்ற வெறுப்பு ரேடியோ அவருடைய பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டது. சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்து 2008இல் 15 வருடத் தண்டனை. ஆனால் எதற்கு? பாட்டுக்காக இல்லை. வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய் டுட்சி இன மக்களைக் கொல்லச் சொன்னதற்காக. பாட்டுகள் வெறுப்பைத் தூண்டின என்று நீதிபதிகளே பார்த்தார்கள். இருந்தும், படுகொலை தொடங்குவதற்கு முன்னால் எழுதிய அந்தப் பாட்டுகளைக் குற்றமாகக் கட்ட அவர்களுக்குச் சட்டத்தில் வழி கிடைக்கவில்லை. ஆக, பாட்டு எவ்வளவு செய்தது என்று நீதிமன்றமே அளந்து சொல்ல முடியாத இடம் இது. நாம் எப்படிச் சொல்வது?


பனங்காய்:

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் சொன்ன அந்தச் சைக்கிள் டைனமோவில் நாங்கள் கூலியாகக் கேட்ட பாட்டுகள் சினிமாப் பாட்டு மட்டும் இல்லை. இயக்கப் பாட்டுக் கேசட்டுகளும்தான். நல்ல பாட்டுகள். நல்ல கவிஞர்கள் எழுதினார்கள், நல்ல குரல்கள் பாடின, தவிலும் நாதஸ்வரமும் எங்கள் கோயில் வீதியில் கேட்ட அதே வாசிப்பு. இப்பவும் முதல் அடியைக் கேட்டால் முழுப்பாட்டும் வாயில் வரும்.

என்னோடு சுற்றின பெடியன்களில் சிலர் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். பாட்டைக் கேட்டுத்தான் போனார்கள் என்று சொல்லமாட்டேன். ஷெல் விழுந்தது, வீடு போனது, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதனால் போனார்கள். ஆனால் போகிற வழியில் பாட்டு இருந்தது. அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு இரவு யோசித்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். அவர்களுடைய தாய்மாரில் ஒருவர் அதே பாட்டை மகனின் நினைவு நாளுக்குப் போட்டுவிட்டு இருப்பார். வேறு எதிலும் அவன் குரல் இல்லையாம், அந்தப் பாட்டை அவன் பாடிக்கொண்டு திரிந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். அவரிடம் போய் இந்தப் பாட்டு சரியா பிழையா என்று கேட்க என்னால் முடியாது.

404 தம்பி சொன்ன மாதிரி அளக்க முடியாதுதான். அளக்க முடியாது என்பதால் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகாது.


கூம்பு ஸ்பீக்கர்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.


திண்ணைக்காரன்:

நானும்தான்.

பேச்சை நம் பக்கம் திருப்புகிறேன். அரசாங்கமே ஒரு பாட்டின் பலத்தை அளந்து சொன்ன சம்பவம் நம்மிடம் இருக்கிறது. 2015 அக்டோபர் 30, மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் திருச்சியில் கைது. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்கு 124ஏ, தேசத்துரோகம். அந்தக் குழு எத்தனையோ வருடமாக ஆலை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் பாடிக்கொண்டிருந்தது. கைது செய்த அன்றுதான் என் அலுவலகத்தில் அரசியலே பேசாதவர்கள் போனிலும் அந்தப் பாட்டு ஒலித்தது. நவம்பரில் ஜாமீனில் வந்தார். 2016 தேர்தலில் மதுவிலக்கைத் தொடாத கட்சி இல்லை. பதவியேற்ற அன்றே ஜெயலலிதா போட்ட கையெழுத்துகளில் ஒன்று 500 கடைகளை மூடும் உத்தரவு.


404 தமிழன்:

2015 ஜூலைக் கடைசியில் மதுவிலக்கு கேட்டு சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிச் செத்ததை விட்டுவிட்டீர்கள். ஊர் ஊராகக் கடையை அடித்து நொறுக்கிய பெண்களையும் விட்டுவிட்டீர்கள். கோவன் பாட்டு அந்த அலையில் வந்தது. 500 கடை மூடிய பிறகும் மிச்சக் கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.


முகத்துவாரம்:

கடையை நொறுக்கப் போன பெண்கள் சும்மாவா போனார்கள்? எங்கள் தெருவில் போனவர்கள் பாடிக்கொண்டுதான் போனார்கள். கோவன் பாட்டு இல்லை, கும்மி மெட்டில் அவர்களே கட்டியது. கடைக்காரன் பெயரும் குடித்து விழுந்த புருஷன்மார் பெயரும் வரிசையாக வரும். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை, நல்லவேளை. நீங்கள் கணக்கில் எடுப்பது எல்லாம் போனில் வந்த பாட்டை மட்டும்.


மார்கழி ரசிகை:

இது எனக்குப் பிடித்தது. பெயர்களை மட்டும் மாற்றி அந்தக் கும்மியை ஒரு பாட்டியிடம் வாங்கிப் போடுங்களேன், பாட்டு வரிகளை எழுதி வைத்துக்கொள்கிறேன்.


முகத்துவாரம்:

பெயரை மாற்றினால் அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லை அம்மா.


தோல்கருவி:

போனில் வந்த பாட்டு என்றதும் ஞாபகம் வந்தது. 2021 மார்ச்சில் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டை உலகமே கேட்டதல்லவா, தேயிலைத் தோட்டத்துக்குப் போய் உழைத்தவர்களின் கதை. அதற்கு அப்புறம் யார் படம் பத்திரிகை அட்டையில் வந்தது, யார் பெயர் விடுபட்டது என்று சண்டை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வெளியே வந்து, அந்தப் பாட்டிலிருந்து எங்களில் ஒருவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார். கோடிக்கணக்கில் பார்வை. நிலமில்லாதவன் பாட்டுக்கு நிலை அதுதான்.

அதனால் நம் குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். வீடியோ எடுத்தால் அடிக்கும் எல்லார் பெயரும் கீழே வரவேண்டும், பாடகர் பெயர் மட்டும் போட்டால் ஏற்றவிடமாட்டோம்.


திண்ணைக்காரன்:

கட்சிக்கும் அடிக்கிறீர்கள், போராட்டத்துக்கும் அடிக்கிறீர்கள். இரண்டும் எதிரெதிராக வந்தால்? ஒரு ஆலைக்கு எதிராக ஊர் கூடுகிறது, அதே ஆலைக்கு ஆதரவான வேட்பாளரும் உங்களைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.


தோல்கருவி:

வைத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே, நடந்ததே. கட்சிக்காரர்களிடம் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுவோம், ஓட்டு எண்ணிய பிறகு போனை எடுக்கமாட்டார்கள். போராட்டம் என்றால் வண்டிச் செலவும் மத்தியானச் சாப்பாடும் போதும். அந்த முறை குழு இரண்டாகப் பிரிந்தது. நாலு பேர் வேட்பாளரோடு போனார்கள், வீட்டு வாடகை இருக்கிறது, நான் தடுக்கவில்லை. நாங்கள் ஆறு பேர் ஆலை வாசலுக்குப் போனோம். சாயங்காலம் இரண்டு கூட்டமும் ஒரே ரோட்டில் எதிரெதிரே வந்துவிட்டது. அந்தப் பக்கம் நாலு பறை, இந்தப் பக்கம் ஆறு. கொஞ்ச நேரம் ஆளாளுக்கு வேறு வேறு அடி. அப்புறம் கை பழக்கம், ஒரே அடியில் சேர்ந்துவிட்டது. வேட்பாளர் வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து "யாருய்யா அவங்களோட சேர்ந்து அடிக்கிறது" என்று கத்தினார். போலீஸ் வந்து இரண்டு பக்கமும் நிறுத்தச் சொன்னது.


404 தமிழன்:

அந்த நாலு பேருக்குப் பணம் வந்ததா?


தோல்கருவி:

அதான் சொன்னேனே தம்பி, முன்னாலேயே வாங்கிவிட்டோம்.